இருட்டு மாளிகையில் ஓர் ‘ஏனுங்க’

உ

கோயமுத்தூர்
19.6.94

அன்புள்ள ராமாமணிக்கு,

நான் இங்கே நன்றாக இருக்கிறேன். நீயும் அம்மாவும் சௌக்கியம்தானே? முழங்கால் தைலம் தீர்ந்துவிட்டதா என்று அம்மாவிடம் கேட்டு எழுது.

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்துகொள். மோட்டார் கம்பெனி வேலையை விட்டுவிட்டேன்.

கோபப்படாமல் மீதியையும் படி. மேற்கே மலையடிவாரத்தில் ‘குதூகலபுரி’ என்று பெரிய கேளிக்கைப் பூங்கா கட்டுகிறார்கள் என்று சொன்னேன் அல்லவா? அங்கே என்னை எடுத்துக்கொண்டார்கள். மேனேஜர் ஐயாசாமி கேட்ட ஒரே கேள்வி, “ராட்டினத்துல ஏறியிருக்கீங்களா?” என்பதுதான். “இல்லீங்க. சின்ன வயசுல கூடுதுறை நோம்பிக்கு ராட்டினம் வந்தா, எல்லாரும் மேல ஏறுவாங்க, நான் அடியில குனிஞ்சு பல்சக்கரத்தப் பாத்துட்டு இருப்பேனுங்க” என்றேன். அவர் சிரித்துவிட்டு, “நாளைக்கே வந்துருங்க” என்றார்.

பம்புசெட்டுக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றிச் சுற்றி என் ஆயுள் முடிந்துவிடும் என்று பயந்துகொண்டிருந்தேன் ராமாமணி. பத்து வயதிலிருந்து இந்த ஒரு வேலைக்குத்தான் நான் ஆசைப்பட்டேன். தை மாதம் வரைக்கும் பார்ப்பார்கள். பிடித்துப்போனால் நிரந்தரம். நிரந்தரமானால் உள்ளேயே வீடு தருவார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை புருஷனாகவே இருந்துவிட்டேன். இனி நாம் ஒரே வீட்டில் இருக்கலாம்.

அம்மாவிடம் நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். வாரேன்.

உன்
கிருபாசங்கர்


உ

பவானி
3.7.94

மரியாதைக்குரிய ஊட்டுக்காரருக்கு ராமாமணி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். தைலம் தீர்ந்துவிட்டது. பக்குவமாகச் சொல்லி முடிப்பதற்குள் அத்தைக்குத் தைலம் தலைக்கும் தேவைப்பட்டது.

“ராட்டினம் சுத்தறதுக்கா அவனை பாலிடெக்னிக் படிக்க வெச்சேன்?” என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், “உள்ள போக நமக்கு டிக்கெட் கேப்பாங்களாக்கும்?” என்று கேட்டார்கள். அதோடு கோபம் தீர்ந்தது என்று தெரிந்துகொண்டேன். ஈரோட்டிலிருந்து எங்கப்பாவும் வந்து, மஞ்சள் மண்டியில் மாப்பிள்ளை உத்தியோகத்தை எப்படிச் சொல்வது என்று தலையைச் சொறிந்துகொண்டு போனார். “என்ஜினீயர்னு சொல்லுங்கப்பா” என்றேன்.

எனக்குச் சந்தோஷம்தான். நீங்கள் காயில் சுற்றும் கதையைச் சொல்லும்போது உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். போன வாரம் வந்தபோது எப்படி இருந்தது என்றும் பார்த்தேன். ஒரே வீடு என்று எழுதியிருந்ததை நான் எத்தனை தரம் படித்தேன் என்று கேட்காதீர்கள்.

கடிதம் தாமதமானதற்குக் காரணம் பக்கத்து வீட்டு அம்புஜம். அவள் பள்ளிக்கூடத்து வேலையாக வெளியூர் போயிருந்தாள். கவரின் மேல் உங்கள் பேரை அவள்தானே எழுத வேண்டும்? “நீயே எழுதினா கை வெந்து போயிருமா?” என்று திட்டுகிறாள். எங்கம்மா எங்கப்பா பேரை இதுவரைக்கும் சொன்னதில்லை, எழுதினதுமில்லை. நானும் அப்படித்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராமாமணி


உ

குதூகலபுரி
4.9.94

அன்புள்ள ராமாமணிக்கு,

வாந்தி குறைந்ததா? நீ சொன்ன சேதியைக் கேட்டதிலிருந்து எனக்குத்தான் தலை சுற்றுகிறது. சாத்துக்குடி வாங்கிக் கொடுக்கச் சொல்லி அம்மாவுக்கும் எழுதியிருக்கிறேன்.

இங்கே என்னிடம் ‘இருட்டு மாளிகை’யை ஒப்படைத்திருக்கிறார்கள். தண்டவாளத்தில் சின்னத் தள்ளுவண்டி போகும். வழியெல்லாம் பேய்கள். பம்பாயிலிருந்து எலும்புக்கூடு, அலறும் டேப், பச்சை விளக்கு எல்லாம் தருவித்தார்கள். கட்டட வேலைக்காரர்களை ஏற்றி ஓட்டிப் பார்த்தோம். ஒருத்தரும் பயப்படவில்லை. ஒரு பெரியவர் எலும்புக்கூட்டைப் பார்த்து, “பாவம், சோறு தண்ணி இல்லாம போச்சாட்ட இருக்குது” என்றார். ஐயாசாமி என்னைப் பார்த்த பார்வையில் மறுபடியும் காயில் சுற்றப் போய்விடுவேனோ என்று இருந்தது.

அன்று சாயங்காலம் காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். கூட்டத்துக்குள் யாரோ ஒரு பெண் “ஏனுங்க!” என்று கூப்பிட்டாள். வரிசையில் நின்ற அத்தனை ஆண்களும் திரும்பினோம். நீ பவானியில் இருக்கிறாய் என்று தெரிந்தும் நான் திரும்பினேன். அங்கேயே எனக்கு வழி கிடைத்துவிட்டது. அலறினால் நம் ஊர்க்காரன் சிரிப்பான். ஊட்டுக்காரி கூப்பிட்டால்தான் திரும்புவான். இருக்கக் கூடாத இடத்தில் அவள் குரல் கேட்டால் அவனுக்கு உடம்பு சில்லிட்டுவிடும்.

கடைசி வளைவில் ஒரு சமையல்கட்டு வைக்கப் போகிறேன். அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பொம்மை நிற்கும். முகமே தெரியாது. வண்டி அதைத் தாண்டிய பிறகு பின்னாலிருந்து குரல் வரும். அந்தக் குரல் உன்னுடையதாக இருக்க வேண்டும். அம்புஜம் வீட்டு டேப்ரிக்கார்டரில் ‘ஏனுங்க’ என்று மூன்று விதமாகச் சொல்லிப் பதிந்து அனுப்பு.

முடிந்தால் கடைசியில் என் பேரையும் ஒரு தரம் சொல். அதை யாருக்கும் போட்டுக் காட்ட மாட்டேன். எனக்கு மட்டும்.

வாரேன்.

கிருபாசங்கர்


உ

பவானி
18.9.94

பேயோட்டும் உத்தியோகத்தில் இருக்கும் ஊட்டுக்காரருக்கு,

நானும் வயிற்றில் இருப்பவரும் நலம். சாத்துக்குடியை அத்தை நாளுக்கு இரண்டு என்று கணக்காகத் தருகிறார்கள். மூன்றாவது கேட்டால் பேரனுக்குச் சளி பிடிக்குமாம்.

கேசட்டை அம்புஜத்தின் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். முதல் ‘ஏனுங்க’ சோறு போட்டுவிட்டுக் கூப்பிடுவது. இரண்டாவது, நீங்கள் தெருமுனையில் பழமை பேசிக்கொண்டு நின்றுவிட்டால் கூப்பிடுவது. மூன்றாவது, கொல்லையில் ஏதோ சத்தம் கேட்டு எழுப்புவது. மூன்றாவதைச் சொல்லும்போது எனக்கே என்னவோ போல் இருந்தது. அடுப்படியிலிருந்த அத்தை, “என்ன கண்ணு, அவன் வந்துட்டானா?” என்று ஓடி வந்தார்கள். அதுவும் டேப்பில் விழுந்திருக்கும், வெட்டிவிடுங்கள்.

பேரை மட்டும் கேட்காதீர்கள். கல்யாணத்தன்று உங்கள் சித்தி ஒறம்பரை எல்லாரையும் கூட்டிவைத்து, ‘பேரைச் சொல்லு, இல்லாட்டி உள்ளே விட மாட்டேன்’ என்று வழி மறித்தார்களே, அன்றைக்கே சிவன் படத்தைக் கையால் காட்டிவிட்டு உள்ளே வந்தவள் நான். ஆனாலும் இத்தனை ஆசையாகக் கேட்கிறீர்கள். ஒன்று செய்கிறேன். பிள்ளை பிறந்ததும் உங்கள் காதோடு ஒரு தரம் சொல்கிறேன். அதற்கு முன்னால் சொல்ல மாட்டேன், இது சத்தியம்.

அந்த பொம்மையை என்னைப் போல் செய்துவிடாதீர்கள்.

ராமாமணி


உ

குதூகலபுரி
13.11.94

அன்புள்ள ராமாமணிக்கு,

தீபாவளிக்கு நான் வரவில்லை என்று நீ அழுததாக அம்மா எழுதியிருக்கிறார்கள். மன்னித்துக்கொள். அன்றைக்குத்தான் திறப்பு விழா. உடம்பு எப்படி இருக்கிறது? பிள்ளை உதைக்கிறதா?

நீ வந்து பார்த்திருக்க வேண்டும்! இருட்டு மாளிகைக்கு ராட்டினத்தைவிட நீளமான வரிசை. எலும்புக்கூட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போகிறவர்கள், கடைசி வளைவில் உன் குரல் கேட்டதும் கப்சிப் என்று ஆகிவிடுகிறார்கள். ஒருத்தர் பாக்கியில்லாமல் திரும்புகிறார்கள். பாதிப் பேர் வாய்விட்டுப் பதிலே சொல்கிறார்கள். “வாரேன், வாரேன்” என்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி, “நான் இங்க இருக்கறப்ப யாருக்குங்க பதில் சொல்றீங்க?” என்று கிள்ளுவதும் நடக்கிறது.

ஐயாசாமி என் தோளைத் தட்டி, “தையில உங்க ஆர்டர் கைக்கு வந்துரும்” என்றார். வண்டி ஓட்டும் சென்னகிருஷ்ணன் என்னை ‘பேய்மாமா’ என்று கூப்பிடுகிறார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை ராமாமணி. நான் நினைத்தது நடந்துவிட்டது.

சாயங்காலம் விளக்கை அணைக்கும்போது பொம்மையிடம் நானும் “வாரேன்” என்று சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறேன். உன்னிடம் சொல்வது போல இருக்கிறது.

வாரேன்.

கிருபாசங்கர்


உ

பவானி
4.12.94

ஊட்டுக்காரருக்கு,

எல்லோரும் நலம். பிள்ளை உதைக்கிறது. நீங்கள் எழுதியதைப் படித்து எனக்கும் பெருமையாக இருந்தது. அத்தை தெருவெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

ஒரு விஷயம் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். போன மாதக் கடைசியில் நான் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். ரோட்டில் போன லாரி நின்றது. டிரைவர் இறங்கி வந்து, “கூப்ட்டீங்களாங்க?” என்றார். இல்லை என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போனார். அத்தையும் நானும் சிரித்தோம். நாலு நாள் கழித்து இன்னொருத்தர், கையில் தோல்பை, பார்த்தால் இன்சூரன்ஸ்காரர் மாதிரி. அதே கேள்வி. “கூப்ட்டீங்களாங்க?” அத்தை விளக்குமாற்றை எடுத்துவிட்டார்கள்.

நேற்று வந்தவர் கோபிக்காரர். பஸ் ஏறி வந்திருக்கிறார். எதற்கு வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் மோர் கொடுத்து விசாரித்தேன். தீபாவளிக்குப் பிள்ளைகளோடு குதூகலபுரிக்குப் போனாராம். “அங்க ஒரு அம்மா கூப்ட்டாங்க. நான் வாரேன்னு சொல்லிப்போட்டேனுங்க. சொன்னா வரோணுமில்லீங்களா?” என்றார். நல்ல மனிதர், குடித்தவரும் இல்லை. சொல்லும்போது அவர் கண் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் அடுப்படியைப் பார்த்தது.

எனக்குப் பயமாக இருக்கிறது. சிரிக்காதீர்கள். அந்தக் கேசட்டை எடுத்துவிட்டு வேறு யார் குரலையாவது வையுங்கள்.

தை எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கட்டுச்சோறு கட்டி வளையல் போடுகிறார்கள். அப்பா நாள் பார்த்துவிட்டார். அன்றைக்கே என்னை ஈரோட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். நீங்கள் வந்தே ஆக வேண்டும்.

ராமாமணி


உ

குதூகலபுரி
8.1.95

அன்புள்ள ராமாமணிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. நலம்தானே? பொங்கலுக்கு இங்கே கூட்டம் தாங்காது, மூச்சுவிட நேரமில்லை.

வீட்டு வாசலில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் போகிறவர் வருகிறவர் விசாரிக்கத்தான் செய்வார்கள். கோபிக்காரர் எங்கேயோ முகவரி விசாரித்து வந்திருப்பார். இதற்காகக் கேசட்டை எடு என்று நான் எப்படி ஐயாசாமியிடம் கேட்பேன்? அது இல்லாவிட்டால் இருட்டு மாளிகையே இல்லை. நிரந்தர வேலையும் இல்லை, நம் வீடும் இல்லை.

டேப்பில் நாலாவதாக நீ சொல்லி வைத்ததுதான் ரொம்ப நன்றாக இருக்கிறது. முதலில் நான் கவனிக்கவே இல்லை, சென்னகிருஷ்ணன்தான் சொன்னார். “ஏனுங்க, சோறு ஆறிப்போகுதுங்க” என்று வருகிறதே, அதைக் கேட்டால் பெரிய பெரிய மீசைக்காரர்கள்கூட வண்டியிலிருந்து பாதி எழுந்துவிடுகிறார்கள்.

மழைக்காலத்தில் ஈரம் ஏறி பொம்மையின் பஞ்சு உப்பிவிட்டது. வயிற்றுப் பக்கம் சேலை இறுகிப் பிடிக்கிறது. இரண்டு தரம் கொசுவத்தைத் தளர்த்திக் கட்டினேன். வெயில் வந்தால் சரியாகிவிடும்.

கட்டுச்சோற்றுக்கு வர முயற்சி செய்கிறேன். வர முடியாவிட்டால் மாமாவிடம் நீ சொல்லி வை. வாரேன்.

கிருபாசங்கர்


உ

ஈரோடு
29.1.95

ஊட்டுக்காரருக்கு,

நான் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை.

கட்டுச்சோறு முடிந்தது. அத்தனை சாதமும் ஆக்கிவைத்து, எல்லாரும் எனக்கு வளையல் போடும்போது, ஒவ்வொருத்தரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். “மாப்ள வரலீங்களா?” அப்பா ஒவ்வொருத்தரிடமும் ஒவ்வொரு காரணம் சொன்னார். கடைசியில் அவருக்கே எது உண்மை என்று மறந்துபோயிருக்கும். நான் ராத்திரி அழுதேன். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

இப்போது நான் எழுதப்போவதைக் கவனமாகப் படியுங்கள். டேப்பில் நான் ‘ஏனுங்க’ மட்டும்தான் சொன்னேன். மூன்றே தரம். நாலாவது எதுவும் நான் சொல்லவில்லை. “சோறு ஆறிப்போகுதுங்க” என்று நான் சொன்னது உண்டு. எப்போது தெரியுமா? நீங்கள் தீபாவளிக்கு வருவீர்கள் என்று நினைத்து இலை போட்டுவைத்து, வராமல் போனபோது, அடுப்படியில் தனியாக நின்று சொன்னேன். அத்தைக்குக்கூடக் கேட்டிருக்காது.

பொம்மையின் வயிற்றைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்ததும் கடிதத்தைக் கீழே போட்டுவிட்டேன்.

புதன்கிழமை மண்டியிலிருந்து உங்கள் ஆபீசுக்குப் போன் போட்டேன். நீங்கள்தான் எடுத்தீர்கள். “ஏனுங்க” என்றேன். “சென்னகிருஷ்ணா, டேப்பை நிறுத்துப்பா, போன் பேசறது கேக்கல” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். மறுபடி போட்டேன். மறுபடியும் அதையேதான் சொன்னீர்கள். பக்கத்தில் நின்ற அப்பா, “என்னம்மணி, மாப்ள பேசினாரா?” என்றார். பேசினார் என்று சொன்னேன்.

வீடு மாறி வந்த பிறகும் இங்கேயும் இரண்டு பேர் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நிறுத்திவிடுங்கள். எனக்கு அந்த வீடு வேண்டாம். பழையபடி ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும்.

ராமாமணி


உ

குதூகலபுரி
19.2.95

அன்புள்ள ராமாமணிக்கு,

ஆர்டர் வந்துவிட்டது! நிரந்தரம். வீட்டுச் சாவியும் கொடுத்துவிட்டார்கள். சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தால் இருட்டு மாளிகையின் பின்சுவர் தெரியும். நீயும் பிள்ளையும் வந்து இறங்க வேண்டியதுதான் பாக்கி.

நீ போன் செய்ததாக எழுதியிருந்தாய். எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லையே. டேப் சத்தம் சில சமயம் போன் லைனிலும் ஏறுகிறது, அதைத்தான் கேட்டேன். உண்மையைச் சொல்வதானால் இப்போதெல்லாம் அந்தக் குரல் எனக்குக் காதிலேயே விழுவதில்லை. நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு மரத்துவிட்டது. வண்டியில் இருப்பவர்கள் திரும்பும்போதுதான், சரி, டேப் ஓடுகிறது என்று தெரிந்துகொள்கிறேன்.

பிள்ளைத்தாய்ச்சிக்குப் பலவிதமாக எண்ணம் ஓடும் என்று சொல்வார்கள். எதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. பிள்ளை பிறந்ததும் நீ கொடுத்த வாக்கு ஞாபகமிருக்கட்டும். வேலை கிடைத்துவிட்டது, வீடு கிடைத்துவிட்டது. உன் வாயால் என் பேரைக் கேட்பது ஒன்றுதான் எனக்கு இனி மிச்சம்.

வாரேன்.

கிருபாசங்கர்


உ

ஈரோடு
6.3.95

ஊட்டுக்காரருக்கு,

டாக்டரம்மா இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள். இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்க எனக்குப் பொறுமையில்லை.

போன திங்கட்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு கோயமுத்தூர் வந்தேன். உங்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவது என்றுதான் கிளம்பினேன். காந்திபுரத்தில் இறங்கி, அப்பா டவுன் பஸ் விசாரிக்கப் போனார். எதிர் வரிசையில் நீங்களே நின்றீர்கள். நான் தைத்துக் கொடுத்த நீலச் சட்டை. கையில் ஒயர் சுருள். எனக்கும் உங்களுக்கும் நடுவில் ஏகப்பட்ட கூட்டம், என்னால் இடித்துக்கொண்டு வர முடியாது.

“ஏனுங்க” என்றேன்.

அந்த பஸ் ஸ்டாண்டில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். பூக்கடைக்காரர், கண்டக்டர், டீ குடித்துக்கொண்டிருந்தவர், எல்லோரும். நீங்கள் மட்டும் திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். உங்கள் பக்கத்தில் நின்றவர் உங்கள் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். நீங்கள் சிரித்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டீர்கள். அந்த மனிதர் பிறகு என்னிடம் வந்து, “உங்களைத்தான் கூப்பிடறாங்கன்னு சொன்னேனுங்க. அது டேப்புங்க, விடுங்கன்னு சொல்லிப்போட்டாருங்க” என்றார். எனக்கு அடிவயிற்றைப் பிடித்து வலிக்க ஆரம்பித்தது. அப்பா பயந்துபோய் ஈரோட்டுக்கே திருப்பி அழைத்து வந்துவிட்டார்.

உங்களைக் கூப்பிட எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. அதை நானே டேப்பில் பிடித்து உங்கள் கையில் கொடுத்துவிட்டேன்.

இப்போது ஒன்று சொல்கிறேன், இதையாவது கேளுங்கள். அது நான் வாயால் சொல்வதையெல்லாம் எடுத்துக்கொள்கிறது. நான் இதுவரை வாயால் சொல்லாதது உங்கள் பேர் மட்டும்தான். அதனால் பிள்ளை பிறந்தாலும் சொல்ல மாட்டேன். கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அந்த இருட்டில் உங்களைப் பேர் சொல்லி யாராவது கூப்பிட்டால் அது நான் இல்லை. திரும்பாதீர்கள். பதில் சொல்லாதீர்கள். முக்கியமாக, ‘வாரேன்’ என்று சொல்லிவிடாதீர்கள்.

இந்தக் கடிதம் இன்றைய தபாலிலேயே போக வேண்டும். கவர் எழுத இங்கே அம்புஜம் இல்லை. அப்பா மண்டிக்குப் போயிருக்கிறார். சாமியை வேண்டிக்கொண்டு முதல் தடவையாக உங்கள் பேரை நானே என் கையால் எழுதிவிட்டேன். எழுத்துக் கூட்டும்போது உதடு தானாக அசைந்தது. சத்தம் வரவில்லை. வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ராமாமணி


உ

குதூகலபுரி
6.3.95

என் ராமாமணிக்கு,

நீ நலம், பிள்ளை நலம். நான் விசாரிக்கவே வேண்டியதில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது!

இன்று திங்கட்கிழமை, பூங்காவுக்கு விடுமுறை. மெயினை அணைத்துவிட்டுத் தண்டவாளத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசி வளைவுக்கு வந்தபோது பின்னாலிருந்து நீ என் பேரைச் சொன்னாய். டேப் ஓடவில்லை, ஓடுவதற்குக் கரண்டே இல்லை. அதனால்தான் அது நீ என்று தெரிந்தது. மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிச் சொல்வது போலச் சொன்னாய். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு உன் குரல் எனக்குக் காதில் விழுந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளை பிறந்ததும் சொல்கிறேன் என்றாயே. அப்படியானால் பிறந்துவிட்டது! பையனா, பெண்ணா? இருட்டில் சரியாகக் கேட்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாய். நான் திரும்பிவிட்டேன். “வாரேன்” என்று சொல்லிவிட்டேன்.

டார்ச் எடுக்க ஆபீசுக்கு வந்தவன், கை சும்மா இருக்காமல் இதை எழுதுகிறேன். சென்னகிருஷ்ணனிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன். உள்ளே போய் உங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு

வாரேன்.

கிருபாசங்கர்


உ

குதூகலபுரி
20.3.95

மதிப்பிற்குரிய அம்மணி அவர்களுக்கு,

நலம். தங்களுக்குச் சுகப்பிரசவம் ஆகியிருக்கும் என்று நம்புகிறேன். நான் இருட்டு மாளிகையில் வண்டி ஓட்டும் சென்னகிருஷ்ணன். பேய்மாமா, மன்னிக்கவும், தங்கள் வீட்டுக்காரர் என்னைப் பற்றி எழுதியிருப்பார்.

அவர் ஆறாம் தேதி சாயங்காலம் ஒரு கடிதம் கொடுத்து, “எனக்குப் புள்ள பொறந்திருக்குதுங்க” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதனால் ஊருக்குத்தான் வந்திருப்பார் என்று இருந்தோம். அவருடைய பையும் செருப்பும் இங்கேயே இருக்கின்றன. தாங்கள் எழுதிய கடிதம் எட்டாம் தேதி வந்தது. பிரிக்காமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அவர் அங்கே வந்து சேர்ந்தாரா என்று தயவுசெய்து ஒரு வரி எழுதவும்.

இன்னொரு சின்ன விஷயம். அன்று முதல் பொம்மையின் பஞ்சு வற்றி, சேலை தொளதொளவென்று கிடக்கிறது. அதைச் சரிசெய்துகொண்டோம். ஆனால் டேப்பில் இப்போது தங்கள் குரல் ‘ஏனுங்க’ என்றதும், கொஞ்சம் பொறுத்து, ஓர் ஆண் குரல் ‘வாரேன்’ என்று பதில் சொல்கிறது. உள்ளே எங்கேயோ தூரத்திலிருந்து வருவது போல இருக்கிறது. ரொம்ப நன்றாக அமைந்திருக்கிறது என்று ஐயாசாமி சார் பாராட்டினார். பதிந்தது யாரென்று தெரியவில்லை. எனக்கென்னவோ கேட்கக் கேட்கத் தாங்கவில்லை. தாங்கள் சொன்னால் அந்தக் கேசட்டை எடுத்து நிறுத்திவிடுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள
சென்னகிருஷ்ணன்


உ

ஈரோடு
27.3.95

அண்ணாவுக்கு,

நானும் குழந்தையும் நலம். பெண் குழந்தை, இருபத்திரண்டாம் தேதி வீட்டிலேயே பிறந்தாள். அவள் அப்பாவின் மூக்கு.

அவர் இங்கே வரவில்லை.

குழந்தையை என் கையில் கொடுத்ததும், திருப்பி வாங்கிய வாக்கை மறுபடியும் கொடுத்துவிட்டேன். எல்லாரும் இருக்கும்போதே அவர் பேரை வாய்விட்டுச் சொன்னேன். எங்கம்மா காதைப் பொத்திக்கொண்டார்கள். சொல்லிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். முகம் தெரியாதவர்கள் வந்து “கூப்ட்டீங்களாங்க?” என்று கேட்ட வாசல் அது. ஒருத்தரும் வரவில்லை.

அந்தக் கேசட்டை எடுத்துவிடச் சொல்லி அவரிடம் கெஞ்சிக் கெஞ்சி எழுதினவள் நான். இப்போது உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். நிறுத்திவிடாதீர்கள். கரண்டு போனாலும் யாரும் அந்தக் கதவைப் பூட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் குரல் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கட்டும். அப்போதுதான் அவரும் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார். அதை வைத்துத்தான் அவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று நான் கண்டுபிடிக்க முடியும்.

டாக்டரம்மா பச்சைக் குழந்தையோடு வெளியே போகக் கூடாது என்கிறார்கள். அப்பா அழுகிறார். ஆனாலும் நான் வந்து அந்த இருட்டில் நின்று என் சொந்த வாயால் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர் அதைக் கேட்டதே இல்லை அண்ணா. அவர் கேட்டது என் குரல் இல்லை.

ஒரு வண்டி காலியாக வைத்திருங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாரேன்.

ராமாமணி